பழைய லேப்டாப்: மாத்தலாமா, தேத்தலாமா? - பர்ஸைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

"ஆன் பண்ணிட்டுப் போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தா, கரெக்டா ரெடியாகி நிக்கும்" - ஐந்தாறு வருஷம் ஓடிய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் டயலாக் இது. சார்ஜரைக் கழற்றினால் பத்து நிமிஷத்தில் மூச்சு நின்றுவிடும். வீடியோ மீட்டிங்கில் இருக்கும்போது எக்ஸெல் ஃபைலைத் திறந்தால், இரண்டும் சேர்ந்து உறைந்துபோகும். ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்.

உடனே ஷாப்பிங் ஆப்பைத் திறந்து, '60,000 ரூபாய்க்குள் நல்ல லேப்டாப் எது?' என்று தேடத்தான் கை போகும். ஆனால் வாடகை, பைக் லோன், வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சும் சம்பளத்தில் இன்னொரு இஎம்ஐ என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால், எதை வாங்குவது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இருக்கும் லேப்டாப்பில் உண்மையில் என்ன போச்சு?

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. மாற்ற முடிந்த பாகம் போயிருந்தால், அதை மட்டும் மாற்றுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், பின்னால் மாற்றவே முடியாத பாகங்களில் காசைப் போடுங்கள். இதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போ இந்தக் கேள்வி?

இரண்டு காரணங்கள். முதலாவது, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு இதற்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்காக லேப்டாப் ஓடாமல் போகாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் வராது. நெட் பேங்கிங், ஆபீஸ் மெயில், கிளையன்ட் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் மெஷினில் இது விளையாட்டு இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், எல்லா லேப்டாப்பும் அதை ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையில் இருந்து. அதாவது, 2017-க்கு முன்பு வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, ரேம் விலை. உலகில் விற்கும் மெமரி சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவைப்படும் உயர்ரக மெமரிக்கு இவை முன்னுரிமை கொடுக்க ஆரம்பித்ததால், 2025-ன் பிற்பகுதியில் சாதாரண ரேம் விலை வேகமாக ஏறியது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் நேரடியாகப் பயனாளர்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்கும் தொழிலில் இருந்தே வெளியேறுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. 'ரேம் தானே, அப்புறமா போட்டுக்கலாம்' என்ற பழைய கணக்கு இனி அவ்வளவு சுலபம் இல்லை.

முதலில் டெஸ்ட் எடுங்க

காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுப்பதுபோல, லேப்டாப்புக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பைசா செலவில்லை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். பிறகு வழக்கமாகச் செய்யும் வேலைகளையே செய்து, எந்தக் கோடு உச்சிக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அங்கேயே அது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று போட்டிருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால், குற்றவாளி பெரும்பாலும் அதுதான். சுழலும் தட்டில் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். சராசரியாக நொடிக்கு 100 எம்பி அளவுக்குத்தான் படிக்கும். அதே இடத்தில் பொருத்தக்கூடிய சாதாரண 2.5 இன்ச் எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். அதைவிட முக்கியம், முள் நகரும் வேலையே அதில் இல்லை. பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவுகளில் கண்கூடாக வித்தியாசம் தெரிவது இதில்தான். டீ போடப் போகும் நேரம் மிச்சம்.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? பிரவுசரில் இருபது டேப், ஒரு வீடியோ கால், ஒரு பெரிய எக்ஸெல் - இவை சேர்ந்தால் 8 ஜிபி ரேம் திணறுவது இயல்பு. 4 ஜிபி என்றால் சொல்லவே வேண்டாம். அதே பக்கத்தில் ரேமுக்கு எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று காட்டும். ஒன்று காலியாக இருந்தால் நல்ல செய்தி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால், ரேம் மதர்போர்டோடு சேர்த்துச் சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்குவதற்கு முன் டிடிஆர்3-யா, டிடிஆர்4-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்தாது.

சிபியு உச்சிக்குப் போய், உடம்பும் கொதிக்கிறதா? உடனே ப்ராசஸரைக் குறை சொல்ல வேண்டாம். சூடு அதிகமானால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஃபேனில் அடைந்திருக்கும் தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பாதிப் பிரச்னை தீர வாய்ப்பு உண்டு.

பேட்டரி நிலைமை என்ன? கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அறிக்கை கிடைக்கும். பேட்டரி புதிதாக இருந்தபோது அதன் கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுசாக சார்ஜ் ஆனால் எவ்வளவு என்ற இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். லித்தியம் அயான் பேட்டரிகள் சில நூறு முறை முழுசாக சார்ஜ் ஆகித் தீர்ந்த பிறகு தேய்வது இயற்கை. அது லேப்டாப்பின் ஆயுள் முடிந்ததற்கான அடையாளம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதமே கூடாது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அடிப்பாகம் உப்பித் தெரிந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். நீங்களே குத்திப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது எல்லாம் தீ விபத்தில் முடியலாம்.

தேத்தலாமா? மாதக் கணக்கு போடுங்க

டெஸ்ட் முடிந்தது. சர்வீஸ் கடையில் ஒரு தொகை சொல்லிவிட்டார்கள். செய்யலாமா, வேண்டாமா?

மொத்தத் தொகையைப் பார்க்காமல், மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, எஸ்எஸ்டியும் பேட்டரியும் மாற்ற 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதனால் லேப்டாப் இன்னும் 18 மாதம் ஓடும் என்றால், மாதத்துக்கு 500 ரூபாய். 60,000 ரூபாய்க்குப் புதுசு வாங்கி ஐந்து வருஷம் ஓட்டினால், மாதத்துக்கு 1,000 ரூபாய். இங்கே தேத்துவதுதான் லாபம். ஆனால் அதே 9,000 ரூபாய் செலவு செய்தும் ஆறு மாதம்தான் தாங்கும் என்றால், மாதத்துக்கு 1,500 ஆகிவிடும். அப்போது புதுசு வாங்குவதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு நாள் தாங்கும் என்று எப்படித் தெரியும்? போனது என்ன என்பதை வைத்து ஓரளவு சொல்லலாம். எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, கீபோர்டு, ஃபேன் எல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடியவை. மாற்றினால் அந்தப் பிரச்னை அதோடு முடியும். மதர்போர்டு கோளாறு, உடைந்த கீல், கோடு விழும் திரை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்துவிட்டால், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றைச் சரி செய்தால் அடுத்த மாதம் இன்னொன்று நிற்கும்.

விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புக்கும் சில வழிகள் உண்டு. முதலில், மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பில் காரணத்தைப் பாருங்கள். டிபிஎம் இல்லை என்று காட்டினால், அது பயாஸில் அணைத்து மட்டும் வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல்லில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். ஆன் செய்தால் போதும். ப்ராசஸரே பழசு என்றால், விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் வாங்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இன்னொரு வழி, லினக்ஸ். பிரவுசர், மெயில், யூடியூப், தமிழ் டைப்பிங், கோடிங் என்று இருப்பவர்களுக்கு உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ தாராளமாகப் போதும். ஆனால் ஆபீஸில் டேலி, ஃபோட்டோஷாப் என்று குறிப்பிட்ட சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

வாங்கியே ஆகணுமா? மாத்த முடியாததைப் பாருங்க

சரி, புதுசுதான் என்று முடிவாகிவிட்டது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது ப்ராசஸர் பெயரும் டிஸ்கவுன்ட்டும். ஐந்து வருஷம் உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பதும் அழ வைப்பதும் சின்ன எழுத்தில் இருப்பவை.

ரேம்: மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் சாலிடர் செய்யப்பட்டே வருகிறது. வாங்கும்போது இருப்பதுதான், கடைசி வரைக்கும் இருக்கும். இப்படிப்பட்ட லேப்டாப்பை 8 ஜிபியில் வாங்கினால், பின்னால் வழியே இல்லை. ஐந்து வருஷத்துக்கு என்றால் 16 ஜிபி எடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? ஸ்லாட் காலியாக இருக்கும் 8 ஜிபி மாடலைத் தேடுங்கள். ரேம் விலை ஏறும் காலத்தில் 8 ஜிபி சாலிடர் மாடல்கள் 'சூப்பர் டீல்' என்ற பெயரில் கண்ணில் படும், ஜாக்கிரதை.

திரை: தினமும் எட்டு மணி நேரம் பார்ப்பது இதைத்தான். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். டிசைன், வீடியோ எடிட்டிங், போட்டோ வேலை பார்ப்பவர்களுக்கு '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' வேண்டும். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் அறைக்குள் சமாளிக்கலாம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் 300-க்கு மேல் பார்ப்பது நல்லது. ஐபிஎஸ் பேனல் என்றால் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது.

கீபோர்டு, எடை, போர்ட்: டேலியிலும் எக்ஸெல்லிலும் நாள் முழுக்க எண்களைத் தட்டுபவருக்கு நம்பர் பேட் உள்ள 15.6 இன்ச் வசதி. தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவருக்கு, ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும் 14 இன்ச் மாடல் தோள்பட்டையைக் காப்பாற்றும். யுஎஸ்பி சி வழியாக சார்ஜ் ஆகுமா என்று கேளுங்கள். ஆகும் என்றால், தேவையான வாட் உள்ள எந்த நல்ல சார்ஜரிலும் அவசரத்துக்கு வேலை ஓடும்.

சர்வீஸ்: இதுவும் பின்னால் மாற்ற முடியாததுதான். உங்கள் ஊரில், அல்லது பக்கத்து மாவட்டத் தலைநகரில், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? டெக்னீஷியன் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? ஓர் உதிரி பாகத்துக்காக மூன்று வாரம் லேப்டாப் இல்லாமல் இருப்பது, ஃப்ரீலான்ஸர் ஒருவருக்கு மாத வருமானத்தையே பாதிக்கும் விஷயம்.

எஸ்எஸ்டி மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் அதைப் பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதனால் 1 டிபி வேண்டும் என்று இப்போதே கூடுதல் காசு கொடுப்பதைவிட, 512 ஜிபியோடு ஆரம்பித்து, அந்தப் பணத்தை ரேமிலோ திரையிலோ போடலாம்.

ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீங்க

"ஐ3-யைவிட ஐ5 நல்லது, ஐ5-ஐவிட ஐ7 நல்லது" என்பது ஒரே தலைமுறைக்குள் ஓரளவு சரி. தலைமுறை மாறினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். 7-ம் தலைமுறையைச் சேர்ந்த ஐ7-7500யு ப்ராசஸரில் இருப்பது இரண்டே கோர். 12-ம் தலைமுறை ஐ3-1215யு-வில் ஆறு கோர். பெயரில் 7 இருக்கிறது என்று பழைய ஐ7-ஐ வாங்கினால், விண்டோஸ் 11-ம் கிடைக்காது.

ஏஎம்டியிலும் இதே கதைதான். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு - இரண்டுக்கும் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் முன்னது 2019-ல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பில் உருவான நான்கு கோர் சிப். பின்னது ஸென் 3 வடிவமைப்பில் ஆறு கோர். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பார்த்தால் உள்ளே எந்த வடிவமைப்பு என்று தெரிந்துவிடும்.

இன்டெல் தன் பெயர் முறையையும் மாற்றிவிட்டது. 2023 டிசம்பரில் 'கோர் அல்ட்ரா' வந்தது. அதன் பிறகு வந்த 'அல்ட்ரா' இல்லாத கோர் 5 120யு புதுப் பெயராக இருந்தாலும், உள்ளே இருப்பது 13-ம் தலைமுறையின் வடிவமைப்புதான். அது மோசமான சிப் இல்லை. ஆனால் 'லேட்டஸ்ட்' என்று சொல்லி அதிக விலை கேட்டால் யோசிக்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். 'யு' என்றால் குறைந்த மின்சாரம், நீண்ட பேட்டரி. 'ஹெச்' என்றால் அதிக சக்தி, அதற்கேற்ற சூடு. ஆபீஸ் வேலைக்கு 'யு' போதும். வீடியோ எடிட்டிங், பெரிய கோட் கம்பைல் செய்வது என்றால் 'ஹெச்'.

ஏஐ லேப்டாப் வேணுமா?

கடைகளில் இப்போது அதிகம் ஒட்டப்படும் ஸ்டிக்கர் 'ஏஐ பிசி'. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிமுகப்படுத்திய 'கோபைலட் ப்ளஸ் பிசி' வகைக்குச் சில கறாரான நிபந்தனைகள் இருக்கின்றன: நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகளுக்கு மேல் செய்யும் என்பியு, அதாவது 40 டாப்ஸ், குறைந்தது 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. முதல் தலைமுறை கோர் அல்ட்ரா சிப்களின் என்பியு 11 டாப்ஸ் அளவுதான். அவற்றின் மீதும் 'ஏஐ' என்று எழுதியிருக்கும். ஆனால் இந்த வகைக்குள் வராது.

பெரும்பாலானோர் பயன்படுத்தும் சாட்ஜிபிடியும் ஜெமினியும் ஓடுவது உங்கள் லேப்டாப்பில் இல்லை, அந்த நிறுவனங்களின் சர்வரில். அதற்குத் தேவை ஒரு பிரவுசரும் நல்ல இன்டர்நெட்டும்தான். எனவே ஏஐ ஸ்டிக்கருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க அவசியம் இல்லை. நல்ல திரையும் 16 ஜிபி ரேமும் உள்ள ஒரு மாடலில் அதுவும் சேர்ந்து வந்தால், வரட்டும்.

மேக்புக் பக்கம் போகலாமா?

2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததில் இருந்து, பேட்டரி விஷயத்தில் மேக்புக் ஏர் மற்றவர்களுக்கு அளவுகோலாகவே ஆகிவிட்டது. 2024 அக்டோபரில் இருந்து ஏர் மாடல்களின் ஆரம்ப ரேமே 16 ஜிபி. ஆனால் 'மாத்த முடியாதது' என்ற நம் விதி இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். ரேமும் மாற்ற முடியாது, சேமிப்பிடத்தையும் பின்னால் பெரிதாக்க முடியாது. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவுதான் கடைசி.

விலை மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இன்டெல் மேக்புக்கை வாங்குவதைத் தவிர்க்கலாம். இன்டெல் மேக்குகளுக்குக் கிடைக்கும் கடைசி இயங்குதளம் மேக்ஓஎஸ் 26 டாஹோதான் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதுவும் எல்லா இன்டெல் மாடல்களுக்கும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களின் லேப்டாப்களை மொத்தமாக மாற்றும். அப்படி வெளியே வரும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற பிசினஸ் மாடல்கள்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களிலும் ஆன்லைனிலும் 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்பனைக்கு வருகின்றன. கெட்டியான உடம்பு, நல்ல கீபோர்டு, சுலபமாகக் கிடைக்கும் உதிரி பாகங்கள் - இவை இவற்றின் பலம். அதே விலைக்குக் கிடைக்கும் புது லேப்டாப்பைவிட நீண்ட நாள் உழைக்கவும் கூடும்.

ஆனால் கடையிலேயே நின்று சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்:

- ப்ராசஸர் 8-ம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் வேண்டாம். விலை மலிவாக இருப்பதற்கான காரணமே அதுவாக இருக்கலாம்.
- பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் பழைய கம்பெனியின் பூட்டில் இருக்கிறது.
- இன்டர்நெட்டில் இணைத்து விண்டோஸ் செட்டப் ஓடவிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால், கையை எடுத்துவிடுங்கள். மேக்புக் என்றால் ஆக்டிவேஷன் லாக் நீக்கப்பட்டிருக்கிறதா என்பது முதல் கேள்வி.
- மேலே சொன்ன பேட்டரி ரிப்போர்ட்டை அங்கேயே எடுங்கள்.
- ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாத லேப்டாப், திருட்டு லேப்டாப்பாகவும் இருக்கலாம்.
- வாரன்ட்டி எத்தனை மாதம், யார் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' நிஜமாவே நோ காஸ்ட்டா?

முழுசாக இல்லை. வட்டியே இல்லாத கடன் என்று எதுவும் கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. 'நோ காஸ்ட்' திட்டங்களில் நடப்பது இதுதான்: வங்கி வழக்கம்போல வட்டி போடும், அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவரோ நிறுவனமோ விலையில் தள்ளுபடியாகக் கொடுப்பார்கள்.

60,000 ரூபாய் லேப்டாப்பை 12 மாதத்துக்கு 5,000 வீதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வங்கியின் வட்டி 15 சதவீதம் என்றால், நீங்கள் கட்டும் 60,000-ல் சுமார் 4,600 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சுமார் 830 ரூபாய். அது உங்கள் கணக்கில்தான் வரும். ப்ராசஸிங் கட்டணம் தனி. கூடவே, மொத்தமாகப் பணம் கட்டினால் கிடைத்திருக்கும் உடனடித் தள்ளுபடி சில நேரம் கிடைக்காமல் போகும். அந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃப்ரீலான்ஸர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: லேப்டாப் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்து, தொழிலுக்காக வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்கினால்தான் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியும். ஆர்டர் போடும்போது அந்தக் கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டால், பிறகு பில்லைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

பழசை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்சில் போடுவதற்கு முன், பேக்கப் எடுத்துவிட்டு, எல்லாக் கணக்குகளில் இருந்தும் வெளியேறுங்கள். விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி'க்குப் போய், எல்லாவற்றையும் நீக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். ஃபைல்களை வெறுமனே டெலீட் செய்தால் போதாது. மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் ஆதார் ஸ்கேனும் பான் கார்டும் யாரோ ஒருவர் கையில் கிடைப்பது, எக்ஸ்சேஞ்சில் வரும் சில ஆயிரங்களைவிடப் பெரிய நஷ்டம்.

லேப்டாப் செத்துவிட்டது, எஸ்எஸ்டி மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், அதைக் கழற்றி ஒரு கேஸில் போட்டால் எக்ஸ்டர்னல் டிரைவ் ரெடி. விலை போகாத மிச்சத்தைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி, விற்ற பொருள்கள் கழிவாகும்போது அவை முறையாக மறுசுழற்சி ஆவதை உறுதிசெய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. நிறுவனத்தின் இணையதளத்திலேயே அதற்கான வழி இருக்கும். ஒரு லேப்டாப்பின் வாழ்நாள் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி அது தயாராகும்போதே வெளியாகிவிடுகிறது. அதனால், இருப்பதை இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவது உங்கள் பர்ஸுக்கு மட்டும் நல்லது செய்வதில்லை.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. பழைய லேப்டாப்பில் போனது என்ன என்று டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சா?
2. தேத்துவதற்கு மாதம் எவ்வளவு, புதுசுக்கு மாதம் எவ்வளவு?
3. வாங்கப்போகும் மாடலில் ரேம் சாலிடரா, ஸ்லாட்டா?
4. முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, திரை விவரத்தைப் பார்த்தாச்சா? ஒரே பெயரில் நான்கு விதமான திரைகளோடு லேப்டாப்கள் விற்பனைக்கு வருவது சகஜம்.
5. பக்கத்தில் சர்வீஸ் எங்கே?

ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால், ஆஃபர் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் என்று ஆப் காட்டும் கவுன்ட்டவுனைப் பார்த்துப் பதற வேண்டாம். பதில் இல்லை என்றால், இந்த சேல் போனால் அடுத்த சேல். அதுவரைக்கும் பழசுக்கு ஃபேனில் இருக்கும் தூசியையாவது தட்டிவிடுங்கள்.